வெளிய இருபத்தொம்பது

வாங்க தம்பி, வாங்க. பல்லடத்துலருந்து போன் பண்ணுனது நீங்கதானே? நல்ல வெயில்ல வந்திருக்கீங்க. செருப்ப அப்பிடியே விட்டுருங்க. வீட்டுக்குச் சொல்லலீங்க, வண்டிக்குச் சொல்றேன். இந்த வண்டியில இதுவரைக்கும் யாரும் செருப்போட ஏறுனதில்ல.

மொதல்ல இடது பக்கமா உக்காருங்க. நான் ஸ்டார்ட் பண்ணிக் காட்டறேன். கதவச் சாத்துங்க. மெதுவா. மெதுவான்னு சொன்னேன்ல. சரி பரவால்ல, உங்களுக்கு எப்பிடித் தெரியும். ஓங்கிச் சாத்துனா லாக்கு தேஞ்சுரும். கண்ணாடியும் ஏத்திவிட்டிருங்க, எதுத்தாப்புல வீடு கட்டறாங்க, சிமெண்டுத் தூசி உள்ள வந்துரும்.

கேட்டீங்களா சத்தம்? சத்தமே இல்லைல்ல? எட்டு வருஷ வண்டி. அறுபத்தோராயிரம் ஓடியிருக்குது. ஒரு கீறல் கிடையாது. அங்க நடுவுல பாருங்க, சின்னதா நம்பரு தெரியுதில்ல, இருபத்தெட்டுன்னு? அது வெளிய இருக்கற சூடு. இருபத்தெட்டுக்கு ஏசி எதுக்கு? அப்பறமாப் போட்டுக் காட்டறேன், நல்லாக் குளுரும்.

ஓட்டிப் பாக்கலாம், அவசரமில்ல. அதுக்கு முன்னால ஒரு சங்கதி சொல்லிரணும். மறச்சு விக்கறது எனக்கு ஆகாது. உங்களுக்கு முன்னால மூணு பேரு வந்தாங்க. மூணு பேருத்துக்கும் சொன்னேன். வீட்டுல கலந்துட்டுக் கூப்புடறேன்னு போனாங்க. ஒருத்தரும் கூப்புடல. எம்பொண்ணு கோகிலா ஈரோட்டுலருந்து சத்தம் போடறா, "ஏம்ப்பா வர்றவங்ககிட்ட எல்லாம் கதை சொல்றே, வண்டிய வித்துட்டு இங்க வந்துரு"ங்கறா. கதை இல்ல தம்பி. வண்டியில இருக்கற பழுது.

அந்த நம்பரு இருக்குதுல்ல, இருபத்தெட்டு. அது பொய்யி.

நான் மில்லுல இருந்தவன். நூல் மில்லு, இங்க உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்துலதான். முப்பத்திரண்டு வருஷம். மில்லுக்குள்ள சூடும் ஈரமும் இவ்வளவுதான் இருக்கோணும்னு கணக்கு உண்டு, ரெண்டு டிகிரி ஏறுனாக்கூட நூலு அறுந்துக்கும். அத சரியா வெச்சுக்கற பிளாண்ட்டுக்கு நாந்தான் சூப்பர்வைசர். மணிக்கொருக்கா மீட்டரப் பாத்து எழுதோணும். வேல செய்யற பொம்பளைங்க வந்து நிப்பாங்க, "சார், புழுக்கம் தாங்கல சார்"னு. நான் ஒண்ணுமே பேசமாட்டேன். மீட்டரக் கையக் காட்டுவேன். போயிருவாங்க. மனுசன் ஒடம்பு ஆளுக்கு ஒண்ணு சொல்லும் தம்பி. மீட்டரு அப்பிடி இல்ல.

அதனால இந்த வண்டி வாங்குனப்ப எனக்கு ரொம்பப் புடிச்சதே அந்த நம்பருதான். சாவியத் திருப்புனதும் சொல்லுவேன், "வெளிய முப்பத்தொண்ணு." நீங்க உக்காந்திருக்கீங்களே, அந்த சீட்டுலதான் எங்க வீட்டுக்காரி உக்காந்திருப்பா. சாந்தாமணி. மடியில ஒரு நோட்டு இருக்கும். தேதி, ஊரு, நம்பரு எழுதிக்குவா. அவ கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும். ஏழு வருஷம் எழுதுனா. ஒரு நாளு விட்டதில்ல. அந்த நோட்டு உள்ளதான் இருக்குது, வேணும்னாக் காட்டறேன். வேண்டாமா? சரி.

போன வருஷத்துக்கு முந்துன வருஷம் தைப்பூசத்துக்கு நான் பழனிக்கு நடந்து போனேன். வருசா வருசம் போறதுதான். போறதுக்கு ஒண்ணு, வர்றதுக்கு ஒண்ணு, நடுவுல ஒண்ணு, மூணு நாளு. திரும்பி வந்து வண்டிய எடுத்தேன். இருபத்திரண்டுன்னு காட்டுச்சு. தை மாசம், காலையில, சரியாத்தான் இருக்கும்னு சொன்னேன். "ஆமாங்க, நல்லாக் குளுருது"ன்னு எழுதிக்கிட்டா.

அந்த வருஷம் பூரா நம்பரு கம்மியாவே வந்துச்சு. சித்திரையில முப்பது. பேக்கரியில காலையில நாங்க ஏழெட்டுப் பேரு டீ குடிப்போம், எல்லாரும் வெயிலு மண்டையப் பொளக்குதுன்னு பொலம்புவாங்க. நான் நோட்டத் தூக்கி மேசையில போட்டேன். "அய்யா, போன வருஷம் இதே தேதியில முப்பத்தேழு, இந்த வருஷம் முப்பது. ஊரு குளுந்துட்டு வருது, உங்களுக்கு ஒடம்புல தெம்பு கொறஞ்சுட்டு வருது"ன்னேன். எல்லாரும் டம்ளர வெச்சுட்டு எந்திரிச்சுட்டாங்க. வீட்டுல வந்து சொன்னேன். சாந்தா அடுப்புக்கிட்ட நின்னுட்டிருந்தா, நெத்தியெல்லாம் வேர்வை. "ஆமாங்க, இந்த வருஷம் பரவால்லீங்க"ன்னா. எங்களுக்குள்ள அப்பிடி ஒரு ஒத்துமை. முப்பத்தாறு வருஷத்துல ஒரு நாளு எதுத்துப் பேசுனவ இல்ல அவ. அப்பிடி அமையறது கஷ்டம் தம்பி.

நம்பரு முப்பதுக்குக் கீழ இருந்தா நான் ஏசி போடமாட்டேன். அது ஒரு கணக்கு. டீசலுக்கு இல்ல, சும்மா சும்மா போட்டா ஒடம்பு கெட்டுப்போகும். அவளுக்கும் அது தெரியும். கேக்கமாட்டா.

டேஷ்போர்டுல கைய ஊனாதீங்க தம்பி. வெரல் தடம் பதிஞ்சுரும். ம்.

போன வருஷம் வைகாசியில தாராபுரத்துல ஒறம்பரைக் கல்யாணம், சொந்தக்காரங்க வீட்டுல. பதினொண்ணரைக்கு முகூர்த்தம், பத்து மணிக்குக் கெளம்பறோம். சாவியத் திருப்பிச் சொன்னேன், "வெளிய இருபத்தொம்பது." எழுதுனா. பாதி வழியில திரும்பிப் பாக்கறேன், முந்தானையில மூஞ்சியத் தொடச்சுக்கிட்டே வர்றா. தொடைக்கத் தொடைக்க ஊத்துது. ஜாக்கெட்டு பூரா நனைஞ்சு கெடக்குது. "என்ன உனக்கு?"ன்னேன். "கொஞ்சம் புழுங்கற மாதிரி இருக்குதுங்க"ன்னா. நான் ஒண்ணும் சொல்லல தம்பி. அந்த நம்பரு மேல வெரல வெச்சு ரெண்டு தட்டுத் தட்டுனேன். இருபத்தொம்பது. "ஆமாங்க"ன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா.

மண்டபத்துல சாப்புடல. வயிறு ஒரு மாதிரி இருக்குதுன்னா. போன எடுத்துட்டு வெளிய போனா, பொண்ணுகிட்டப் பேசிட்டு வந்தா. திரும்பி வர்றப்பவும் அதே வேர்வை. இடது கைய இப்பிடி மடியில வெச்சுக்கிட்டு அமுக்கிக்கிட்டே வந்தா. சாவியத் திருப்புனப்ப "வெளிய முப்பத்தொண்ணு"ன்னு சொன்னேன். அவ எழுதல. ஏழு வருஷத்துல அன்னிக்குத்தான் எழுதல. எனக்குக் கோவம். ஏசியும் போடல, அதுக்கப்பறம் பேசவும் இல்ல. குடிமங்கலம் தாண்டறப்ப தலை சாஞ்சுருச்சு. தூங்கறான்னு நெனச்சேன்.

வீட்டுக்கிட்ட வந்து "எறங்கு"ன்னு சொன்னேன் தம்பி. ரெண்டு தடவ சொன்னேன்.

ஆஸ்பத்திரியில அந்த டாக்டரம்மா சின்னப் பொண்ணு. "காலையில வேர்த்தப்பவே கூட்டிட்டு வந்திருக்கலாமே, சும்மா உக்காந்திருக்கற ஆளுக்கு அப்பிடி ஊத்துனா அது நெஞ்சு வலிதான்னு தோணலையா?"ன்னு கேட்டாங்க. எனக்கு என்னமோ அந்தப் பொண்ணு மேலதான் ஆத்திரமா வந்துச்சு. எனக்கு எப்பிடித் தெரியும்? அவ வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னாளா?

அப்பறம் வண்டிய எடுக்கவே இல்ல. ஐப்பசி மழையில ஒரு நாளு பொண்ணு வீட்டுக்குப் போகலாம்னு எடுத்தேன். டிங்குனு ஒரு சத்தம். பாத்தா நம்பரு மூணு. பக்கத்துல பனி விழற மாதிரி ஒரு படம். ரோட்டுல பனி கட்டியிருக்கும், பாத்துப் போன்னு எச்சரிக்கையாம். உடுமலைப்பேட்டையில! மழை விட்டு நல்லாப் புழுங்குது, கண்ணாடியெல்லாம் ஆவி கட்டுது. சரி, ஏசியப் போடுவோம்னு அமுக்குனா ஏசி எடுக்கவே இல்ல. வெறும் காத்து வருது.

சேவியர்னு ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன், பொள்ளாச்சி ரோட்டுல கடை. நல்ல வேலைக்காரன். கேஸு பாத்தான், சரியா இருக்குது. கம்ப்ரசருக்கு நேரா கரண்டு குடுத்தான், ஓடுது. அப்பறம் கம்ப்யூட்டர மாட்டிப் பாத்துட்டுச் சிரிச்சான். "சார், ஏசியில ஒண்ணும் கோளாறு இல்ல. வெளிய மூணு டிகிரிதான் இருக்குதுன்னு வண்டி நம்பிக்கிட்டிருக்கு. இந்தக் குளிர்ல எவனுக்கு ஏசி வேணும்னு அதுவே நிறுத்தி வெச்சிருக்கு"ன்னான்.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். என்ன வண்டி இது? உள்ள ஒரு மனுசன் உக்காந்து வேர்த்து ஒழுகறான், அது தெரியாதா? எங்கயோ இருக்கற ஒரு நம்பரப் பாத்துட்டு இவனுக்குக் காத்து வேண்டாம்னு முடிவு பண்றதா? அறிவு வேண்டாம்? சேவியர்கிட்டச் சத்தமே போட்டுட்டேன். அவன் ஸ்பேனர எடுத்துக்கிட்டு வண்டிக்கு முன்னால மல்லாக்கப் படுத்தான்.

அந்தச் சூடு பாக்கற சென்சாரு முன் பம்பருக்கு உள்பக்கம் இருக்குது. நெலக்கடலை அளவுதான். கழட்டி எடுத்து மீட்டருல புடிச்சான். சூடு ஏற ஏற மீட்டருல ஓம்ஸ் கொறையோணும், குளுந்தா கூடோணும். அது எனக்கே தெரியும். டீக்கடையிலருந்து ஒரு கிளாஸ் சுடுதண்ணி வாங்கி முக்குனான். சரசரன்னு கொறஞ்சுது. ஐஸ் தண்ணியில முக்குனான். ஏறுச்சு. "சென்சாரு நூத்துக்கு நூறு சார். அது சரியாத்தான் சொல்லிட்டிருக்குது. வழியில எங்கயோ மாட்டிக்குது"ன்னான். ஒயரத் தடவிக்கிட்டே போனான். ஒயர ஆட்டுனா மீட்டரு தாறுமாறா எகிறுது. "இங்க பாருங்க சார், யாரோ கைவேல பண்ணியிருக்காங்க"ன்னு சொல்லி, டார்ச்ச அடிச்சுக் காட்டுனான்.

ஒயரு ஒரு எடத்துல அறுந்துபோயி, யாரோ சேத்து முறுக்கிவிட்டிருக்காங்க. டேப்பு சுத்தல. துணி சுத்தியிருக்குது. வெரல் நீளத்துக்கு ஒரு அரக்குத் துணிக் கிழிசல், மேல நூலப் போட்டு நெருக்கி நெருக்கிக் கட்டி, கடைசியில பித்தான் ஓட்டைக்குப் போடற முடிச்சு. அரக்கு நூலு.

சாந்தா வீட்டுல ஜாக்கெட்டு தெப்பா தம்பி. அந்த அரக்குத் துணி, கோகிலா வளைகாப்பு ஜாக்கெட்டுல மிஞ்சுன துணி. அந்த முடிச்சு எனக்குத் தெரியாதா? எஞ்சட்டையில இருக்கற பித்தானெல்லாம் அந்த முடிச்சுதான். இந்தா, இப்பப் போட்டிருக்கறதுலயும்.

"மெக்கானிக் யாரு சார் இது?"ன்னு சேவியர் கேக்கறான். நான் அங்க கெடந்த பழைய டயரு மேல உக்காந்துட்டேன். என்னன்னு சொல்லுவேன்? துணிய மேல லேசா வெலக்கிக் காட்டுனான், உள்ள செம்பு பச்சை பூத்துக் கெடக்குது. மழைத் தண்ணி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா உள்ள எறங்கியிருக்குது. செம்பு பூத்தா ஓம்ஸ் கூடும், அத வண்டி குளுருன்னு எடுத்துக்கும்; அதான் கொஞ்சம் கொஞ்சமா நம்பரு கொறஞ்சிருக்குது. ஊரு குளுரல தம்பி. ஊரு அப்பிடியேதான் கொதிச்சுட்டிருந்திருக்குது.

உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன, மொதல்ல எனக்குக் கோவந்தான் வந்துச்சு. ஒன்றரை வருஷமா மறச்சுட்டாளேன்னு. நான் "வெளிய இருபத்தொம்பது"ங்கறப்ப எல்லாம் தெரிஞ்சே எழுதியிருக்காளே. ரெண்டு நாளு அவ போட்டோ இருக்கற பக்கமே திரும்பல. வெளக்குப் போடல. பூ வெக்கல.

மூணாம் நாளு மனசு கேக்காம பொண்ணுக்குப் போன் பண்ணுனேன். "அம்மிணி, உங்கம்மா வண்டிய எடுத்துச்சா?"ன்னேன். கேட்டதுமே அழுவுறா. எல்லாத்தையும் சொன்னா.

நான் பழனிக்கு நடந்து போயிருந்தப்ப சாந்தா வண்டிய எடுத்திருக்கா. லைசென்ஸ் உண்டு தம்பி அவளுக்கு, நான்தான் எடுத்துக் குடுத்தேன். எல்லாருகிட்டயும் பெருமையாச் சொல்லுவேன், எங்க வீட்டுல பொம்பள லைசென்ஸ் வெச்சிருக்கான்னு. ஓட்டறதுக்குத் தேவை வரல, அதனால சாவி குடுக்கல. அவ்வளவுதான். எங்கயும் போகறதுக்கு எடுக்கல. ரவுண்டானா வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்திருக்கா. "நல்லா ஓட்டுனேன் கண்ணு, ரெண்டு பஸ்ஸுக்கு வழிவிட்டுத் தாண்டுனேன்"னு பொண்ணுகிட்டச் சொல்லிச் சிரிச்சிருக்கா. உள்ள விடறப்ப வீட்டு கேட்டுப் பக்கத்துல இருக்கற கல்லு பம்பருக்கு அடியில தட்டியிருக்குது. வெளிய ஒரு அடையாளம் இல்ல. ஆனா நம்பரு மைனஸ் நாப்பதுன்னு காட்டியிருக்குது. ஒயரு அறுந்தா அப்பிடித்தான் காட்டுமாம். "அப்பா வந்தா மொத வேலையா அதத்தானே பாப்பாரு கண்ணு"ன்னு போன்ல நடுங்கியிருக்கா. அம்பத்தாறு வயசுப் பொம்பள, தரையில படுத்து, துணியையும் ஊசி நூலையும் வெச்சுக்கிட்டு அறுந்தத சேத்து ஒக்கிட்டிருக்கா. இருபத்திரண்டுன்னு வந்ததும் சாமிக்குச் சூடம் ஏத்துனாளாம்.

எதுக்குத் தம்பி அவ்வளவு பயம்? நான் கை நீட்டுற ஆளில்ல. கத்தமாட்டேன். கெட்ட வார்த்தை என் வாயில வந்ததே கிடையாது. கோகிலா சின்னதுல ஒருக்கா சைக்கிள வண்டி மேல சாச்சுட்டா, பழைய வண்டி அது. வேற அப்பனா இருந்தா முதுகுல நாலு வெச்சிருப்பான். நான் ஒரு வார்த்தை சொல்லல. மூணு வாரம் பேசல, அவ்வளவுதான். சாந்தாகிட்டயும் பேசல, அவதானே பாத்துக்கோணும். சோத்த வெச்சா சாப்புடுவேன், எந்திரிச்சுப் போயிருவேன். மூணு வாரத்துல எல்லாம் சரியாயிருச்சு. இதுக்குப் போயி ஒருத்தி பயப்படுவாளா?

இன்னொண்ணு சொன்னா பொண்ணு. அதத்தான் எனக்குத் தாங்க முடியல.

தாராபுரம் மண்டபத்துலருந்து போன் பண்ணுனால்ல சாந்தா, அன்னிக்கு. "நிக்காம வேர்த்துக் கொட்டுது கண்ணு, கை ஒரு மாதிரி கனக்குது"ன்னு சொல்லியிருக்கா. "அப்பாகிட்டச் சொல்லு, ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போம்மா"ன்னு இவ சத்தம் போட்டிருக்கா. அதுக்குச் சாந்தா என்ன சொன்னாளாம் தெரியுமா? "அட அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு. வண்டியில நம்பருதான் இருபத்தொம்பதுன்னு காட்டுது. அது பொய்யின்னு எனக்குத்தானே தெரியும். நெசமாலுமே வெயிலு நாப்பது இருக்கும். வெயிலுக்குத்தான் வேர்க்குது."

பாத்தீங்களா தம்பி? எனக்கு நம்பரு மேல நம்பிக்கை, அதனால அவ வேர்வை எனக்கு வேசமாத் தெரிஞ்சுது. அவளுக்கு நம்பரு பொய்யின்னு தெரியும், அதனால சாவு வேர்வைய வெயிலு வேர்வைன்னு நெனச்சுட்டா. அந்த நம்பரு மட்டும் நெசத்தச் சொல்லியிருந்தா ஏசி போட்டிருப்பேன். ஏசியிலயும் வேர்த்திருந்தா ரெண்டு பேருக்குமே தெரிஞ்சிருக்கும். நெஞ்சு வெடிச்சுரும் போல இருக்குது தம்பி, நெனச்சா. இன்னிக்கும்.

சேவியர் புது ஒயரு போட்டுத் தர்றேன்னான். பத்து நிமிச வேலை. வேண்டாம்னுட்டேன். பூத்திருந்தத மட்டும் சொரண்டிவிட்டு, அந்தத் துணியையே மேல சுத்தி, அதே நூலக் கட்டச் சொன்னேன். அவனுக்கு அந்த முடிச்சு வரல. நானும் போட்டுப் பாத்தேன், எனக்கும் வரல. அதுதான் பழுது. யாரு வாங்குனாலும் அத வெட்டக்கூடாது, அவ்வளவுதான் நான் கேக்கறது. நம்பரு எப்பவும் கொறச்சுத்தான் காட்டும், மழைக்காலத்துல இன்னும் கொறையும், பொறுத்துக்கோணும்.

சொல்லியிருக்கலாமில்ல அவ? "ஏனுங்க, கல்லுல தட்டிருச்சுங்க"ன்னு ஒரு வார்த்தை? நான் என்ன அவ்வளவு...

என்ன தம்பி, மூஞ்சியெல்லாம் இப்பிடி ஊத்துது? சட்டை முதுகோட ஒட்டிக் கெடக்குது. அட, எவ்வளவு நேரமா இப்பிடி உக்காந்திருக்கீங்க? ஏசி போடச் சொல்லியிருக்கலாமில்ல? கண்ணாடியாவது எறக்கியிருக்கலாமில்ல?

என்னது? பரவால்லைங்களா?

பொய் சொல்லாதீங்க. வேர்த்து ஒழுகுது, பரவால்லைங்கறீங்க. இருங்க, போடறேன். இந்தா, காத்து வருதா? இந்தப் பக்கம் திருப்பிவிடறேன். நெஞ்சுல ஏதாச்சும் பண்ணுதா? கை கனக்குதா? நல்லா இருக்கீங்கல்ல?

எறங்காதீங்க தம்பி, இருங்க. வண்டி வாங்க வேண்டாம், அது கெடக்குது. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கறேன். அரை மணி நேரமாப் புழுங்கிட்டு உக்காந்திருந்தீங்க, கேக்கோணும்னு தோணியிருக்குமில்ல? அப்பறம் ஏன் கேக்கல? எங்கிட்டக் கேக்கறதுக்கு என்னவா இருந்துச்சு?

சொல்லுங்க தம்பி. பயப்படாம சொல்லுங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்.